இளவேனில் தொடக்கத்தில் ஏரியும் கடலோரமும்: பறவை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இளவேனில் தொடக்கம் என்று எந்த நாட்களைச் சொல்கிறீர்கள்?

பூமியின் வடபாதியில் ஏறக்குறைய பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. ஆனால் நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். வெப்பநாட்டு ஏரிக்கு இது வழியனுப்பும் காலம்; குளிருக்கு வந்து தங்கியிருந்த வாத்துகளும் உள்ளான்களும் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்) கிளம்பத் தொடங்கியிருக்கும். குளிர்நாட்டு ஏரிக்கு இது வரவேற்பு. பனி உருகி நீர் தெரிந்ததும் முதல் கூட்டங்கள் இறங்கும். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு இரண்டும் உண்டு, சில சமயம் ஒரே நாளில். தெற்கே நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் இதே மாதங்கள் இலையுதிர் காலத் தொடக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கேயும் கடலோரப் பறவைகள் வடக்கு நோக்கிப் புறப்படும் நேரம் இதுதான்.

கிளம்ப வேண்டிய நேரம் பறவைக்கு எப்படித் தெரிகிறது?

முதன்மையான சமிக்ஞை பகல் நீளம். வெயிலும் மழையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பகலின் நீளம் மட்டும் பிசகாது. பகல் நீள நீள உடலுக்குள் ஹார்மோன்கள் மாறுகின்றன, பசி அதிகமாகிறது, கொழுப்பு சேர்கிறது, இரவில் நிலைகொள்ளாமை வந்துவிடுகிறது. கூண்டில் அடைத்த வலசைப் பறவைகூட இந்த நாட்களில் இரவு முழுவதும் படபடத்துக்கொண்டிருக்கும். எந்த மாதம் என்பதை பகல் நீளம் சொல்லிவிடும். எந்த இரவு என்பதைக் காற்றும் உடம்பில் சேர்ந்த கொழுப்பும் முடிவு செய்யும்.

ஏரிக்கு எந்த நேரத்தில் போவது நல்லது?

விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். எதிர் வெளிச்சத்தில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். மாலையும் நல்ல நேரம். குறிப்பாக, தெளிந்த வானமும் பின்காற்றும் அமைந்த மாலைகளில் வாத்துக் கூட்டங்கள் சட்டென்று எழுந்து, ஏரியை இரண்டு மூன்று சுற்று சுற்றி உயர்ந்து, திரும்பி வராமலே போவதைப் பார்க்கலாம்.

ஏரியில் அப்படி என்ன இருக்கிறது? குளிர்காலம் முழுவதும் பார்த்த அதே வாத்துகள்தானே?

அதே வாத்துகள்தான். ஆனால் அவற்றின் நடத்தை அப்படியே இல்லை. அரிய பறவை தேடி ஊர் ஊராக அலைவதைவிட, பழகிய ஒரே ஏரியை இந்த ஆறேழு வாரம் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் விருந்து இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் வாத்துகள். ஆண் வாத்துகள் குளிர்காலத்திலேயே நல்ல உடைக்கு மாறிவிடுகின்றன, ஜோடி சேர்வதும் பெரும்பாலும் அப்போதே தொடங்கிவிடுகிறது. இப்போது அது உச்சத்தில் இருக்கும். ஊசிவால் வாத்துகளில் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு நாலைந்து ஆண்கள் வானில் வளைந்து வளைந்து பறக்கும். தட்டைவாயன்கள் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றி வரும். நீலச்சிறகி ஆணின் கண்ணுக்கு மேலே உள்ள வெள்ளைப் புருவம் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். இனப்பெருக்கம் முடிந்தால் இந்த அழகெல்லாம் உதிர்ந்துவிடும். ஆணும் பெண்ணைப்போல் மங்கலாகி, சிறகிறகுகள் மொத்தமாகக் கொட்டி, சில வாரங்கள் பறக்கவே முடியாமல் இருக்கும். அதனால் பார்ப்பதென்றால் இப்போதே.

அப்புறம் நீர்க்காகம். பெரிய நீர்க்காகத்தின் தொடையோரம் ஒரு வெள்ளைத் திட்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இனப்பெருக்க காலத்து அடையாளம், சில மாதங்களில் மறைந்துவிடும். கொக்குகளும் மாறும். சின்னக் கொக்கின் பிடரியில் நாடாபோல் இரண்டு நீள இறகுகள் தொங்கும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இந்தக் காலத்தில் கறுப்பாகும். புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில்தான் குழம்பி, நேற்றுப் பார்த்த கொக்கையே இன்று வேறு இனம் என்று எழுதிவிடுவார்கள்.

கொண்டை முக்குளிப்பான் இருக்கும் ஏரி உங்களுக்கு வாய்த்திருந்தால் வேறெங்கும் போக வேண்டாம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று தலையை இட வலமாக ஆட்டும். பிறகு இரண்டும் முங்கி, வாயில் நீர்ப்பாசியைக் கவ்வியபடி எழுந்து, நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, தண்ணீரை மிதித்துக்கொண்டு கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கொண்டை, ஒரே கழுத்துச் சடை, ஒரே நடனம். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1912இல் இங்கிலாந்தின் ட்ரிங் நீர்த்தேக்கங்களில் உட்கார்ந்து இதைக் குறிப்பெடுத்து 1914இல் வெளியிட்ட கட்டுரை, விலங்கு நடத்தை ஆய்வுக்கே ஒரு தொடக்கப் புள்ளி. அவர் கையில் இருந்தவை தொலைநோக்கியும் பொறுமையும்தான். இதே பறவையை அதற்கு முந்தைய நூற்றாண்டில் தொப்பிக்கும் ஆடைக்கும் இறகு வேண்டி கொன்று குவித்தார்கள். பிரிட்டனில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1889இல் பிறந்தது அந்த இறகு வணிகத்தின் மீதான கோபத்தில்தான்.

கடைசியாக, தண்ணீரை ஒட்டிப் பறக்கும் தகைவிலான்களை விட்டுவிடாதீர்கள். குளிர் விலகாத காலையில் மற்ற இடங்களில் பூச்சி கிடைக்காது, நீர்ப்பரப்பின் மேல் கிடைக்கும். அதனால் குளிர்நாடுகளில் ஆண்டின் முதல் தகைவிலான் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஏரியின் மேல்தான் தட்டுப்படும். ஐரோப்பாவில் முன்பு, இந்தக் குருவிகள் குளிர்காலத்தை ஏரிச் சேற்றுக்குள் தூங்கிக் கழிக்கின்றன என்று நம்பினார்கள். சிரிப்பு வரலாம், ஆனால் கண்ணால் கண்டதை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு மோசமான ஊகம் இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து பறந்து வருகின்றன என்பதைத்தான் அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கடற்கரைக்கு இரண்டு முறை போனேன், ஒரு பறவையும் இல்லை. என்ன தவறு செய்தேன்?

அநேகமாக ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், பார்க்காமல் போயிருப்பீர்கள். ஏரிக்குக் கடிகாரம் போதும், கடலுக்கு நிலாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 7 மணிக்கு நீர் ஏறியிருந்தால் நாளை 7.50 அளவில் ஏறும். முழு வற்றத்தில் சேற்றுவெளி வெகுதூரம் விரிந்துவிடும். பறவைகள் அதன் விளிம்பில், புள்ளிகளாகக்கூடத் தெரியாத தொலைவில் மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் கரையில் நின்று ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பியிருப்பீர்கள். முழு ஏற்றத்திலோ சேறே இருக்காது. எல்லாம் மணல்திட்டு, உப்பளம், கரையை ஒட்டிய வயல் என்று எங்காவது ஒதுங்கி ஒற்றைக்காலில் தூங்கும்.

உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகள் தாமாகவே உங்களை நோக்கி வரும். நீங்கள் அவற்றைத் தேடி நடந்தால் அவை விலகும். நீங்கள் உட்கார்ந்திருந்தால் கடலே அவற்றைக் கொண்டுவந்து முன்னால் விடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒரு முறை சேற்றின் நடுவே போய் நின்று, பின்னால் ஓடையில் நீர் ஏறுவதைக் கவனிக்காமல், முழங்கால் நனைய ஓடி வந்த பிறகுதான் புத்தி வந்தது. சேற்றுவெளிக்குள் இறங்கவே வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

இந்தப் பருவத்துக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். மார்ச் 20 அளவில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருவதால், அதை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமி ஓதங்கள் ஆண்டின் மிகப் பெரியவற்றில் சேரும். பறவைகளுக்கு ஒதுங்க மிச்சமிருக்கும் திட்டுகள் அன்று மிகக் குறைவு. எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் போன்றவற்றில் ஓத வேறுபாடு மிகவும் சிறியது. அங்கெல்லாம் நீரைத் தள்ளுவதும் இழுப்பதும் காற்றுதான்.

உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நிறத்தில் தொடங்காதீர்கள், நடையில் தொடங்குங்கள்.

ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் அது உப்புக்கொத்தி வகை. கண்ணால் பார்த்து இரை பிடிப்பது, அதனால் கண் பெரிது, அலகு குட்டை. தலையைக் குனிந்தபடி தையல் மிஷின்போல் விடாமல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. அலகை நீரில் இட வலமாக அரிவாள் வீசுவதுபோல் வீசினால் கோணமூக்கு உள்ளான். அலை பின்வாங்கும்போது அதன் பின்னால் ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடி வந்தால் அது வெண்ணிற உள்ளான். கல்லையும் பாசியையும் புரட்டிப் பார்த்தால் கல்திருப்பி உள்ளான், பெயரே தொழில்.

அப்புறம் அலகின் வளைவு, காலின் நிறம். கீழ்நோக்கி நீண்டு வளைந்தால் கோட்டான் (ஆந்தை இல்லை, இதே பெயருள்ள கரைப்பறவை). லேசாக மேல்நோக்கி இருந்தால் மூக்கன் ஆகலாம். சிவப்புக் கால் பவளக்காலி, பச்சைக் கால் பச்சைக்காலி.

நிறத்துக்கு இப்போது வரலாம். குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக இருந்தவை இந்த வாரங்களில் வேறு உடைக்கு மாறுகின்றன. பட்டைவால் மூக்கன் ஆண் கழுத்திலிருந்து வாலடி வரை செங்கல் சிவப்பாகும். கருவால் மூக்கனில் அந்தச் சிவப்பு மார்போடு நின்றுவிடும். சாம்பல் உப்புக்கொத்தியின் நெஞ்சும் வயிறும் கறுக்கும். ஆனால் இது ஒரே நாளில் நடப்பதில்லை. பாதி மாறியது, கால் பங்கு மாறியது என்று ஒரே கூட்டத்துக்குள் பத்து விதமாக நிற்கும். எந்தப் படத்தோடும் பொருந்தாத பறவை ஒன்றைப் பார்த்தால் புது இனம் என்று துள்ளாதீர்கள், உடை மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட சமயத்தில் பறக்கும்போது பாருங்கள்: கருவால் மூக்கனின் சிறகில் அகலமான வெள்ளைப் பட்டை, பட்டைவால் மூக்கனில் அது கிடையாது, சாம்பல் உப்புக்கொத்தி சிறகைத் தூக்கினால் அக்குளில் கறுப்பு. இவை எந்தப் பருவத்திலும் மாறாதவை.

கருந்தலைக் கடற்காகத்தின் தலை கறுப்பாகவே இல்லையே?

குளிர்காலத்தில் வெள்ளைத் தலையில் காதோரம் ஒரு கறைதான் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் முழுத் தலையும் நிறம் பிடிக்கும். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், அப்போதும் அது கறுப்பில்லை, சாக்லேட் நிறம். பெயர் வைத்தவரை மன்னித்துவிடலாம்.

பட்டைவால் மூக்கன் நியூசிலாந்திலிருந்து நிற்காமல் பறந்து போகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2007இல் நியூசிலாந்தில் சில பட்டைவால் மூக்கன்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அவற்றில் ‘இ7’ என்று குறியிட்ட ஒரு பெண் பறவை மார்ச் மாதத்தில் கிளம்பி, 10,000 கிலோமீட்டருக்கு மேல் இடைநில்லாமல் பறந்து, சுமார் 8 நாளில் மஞ்சள் கடலோரம் சீனாவில் இறங்கியது. அங்கே வாரக்கணக்கில் மேய்ந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போனது. திரும்பும்போது அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்து வரை 11,500 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில். பசிபிக் நடுவே இறங்கி ஓய்வெடுக்க அதற்கு வழியில்லை, அது வாத்தைப்போல் நீரில் மிதக்கும் பறவை இல்லை. 2022இல் சில மாதமே வயதான ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து அந்தக் கணக்கையும் மிஞ்சிவிட்டது.

இப்படிப் பறக்கும் முன் உடலே மாறுகிறது. அலாஸ்காவிலிருந்து கிளம்பும் இளம்பறவைகளின் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பு என்று அளந்திருக்கிறார்கள். பறக்கும்போது தேவைப்படாத குடல், இரைப்பை எல்லாம் சுருங்கிவிடும். சேற்றில் அது விடாமல் குத்திக்கொண்டிருப்பதை நீங்கள் பார்க்கும்போது, நடப்பது எரிபொருள் நிரப்பும் வேலை. மஞ்சள் கடலின் சேற்றுவெளிகள் வேகமாக அழிந்து வந்ததால்தான் இந்தப் பறவைகளின் எண்ணிக்கை சரிந்தது. சீனப் பக்கத்தின் ஒரு பகுதி 2019இலும் கொரியச் சேற்றுவெளிகள் 2021இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன.

அதனால்தான் பறவைக் கூட்டத்துக்குக் கிட்டே போகக்கூடாது என்கிறார்களா?

ஆமாம். ஒரு முறை கூட்டத்தைக் கிளப்பினால் போகட்டும் என்று தோன்றும். உங்களுக்கு முன் நடந்தவர், அவருக்கு முன் ஓடிய நாய், பிறகு போட்டோவுக்காக ஊர்ந்து வந்த ஒருவர் என்று அதே கூட்டம் அன்றைக்கே பத்து முறை எழும்பியிருக்கும். சேர்த்த கொழுப்பை இங்கேயே எரித்துவிட்டு அது எப்படிக் கடலைக் கடப்பது? பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்க ஆரம்பித்தால், மேய்வதை நிறுத்தினால், அதுவே எல்லைக்கோடு. இரண்டடி பின்னால் வாருங்கள்.

மணலில் கவனம் அதிகம் தேவை. கரையோர உப்புக்கொத்திகள் வெறும் மணலில் லேசான குழி செய்து முட்டையிடும், சில இடங்களில் மார்ச்சிலேயே. முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். ஒரு பறவை சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால் அதன் பின்னால் போகாதீர்கள். அது நடிப்பு, முட்டையோ குஞ்சோ உங்கள் காலடியில்தான் எங்கோ இருக்கிறது. வந்த வழியே மெதுவாகத் திரும்பிவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை எங்கேயும் எழுதவும் வேண்டாம். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்தக் காலத்தில் செய்யக்கூடாத வேலை.

எந்தப் பைனாக்குலர் வாங்கலாம்?

8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்கு. கடலோரத்துக்கு மட்டும் 20 முதல் 60 மடங்கு வரை போகும் டெலஸ்கோப்பும் முக்காலியும் இருந்தால் வசதி. ஆனால் வெயில் ஏறி சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியும் உதவாது.

ஆயிரக்கணக்கில் நிற்கும் கூட்டத்தை எப்படி எண்ணுவது?

முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியவைத்துக்கொண்டு, அதே அளவில் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்ந்தால் நூறு, அதேபோல் நூறை வைத்து ஆயிரம். பிறகு ஒரு போட்டோ எடுத்து வீட்டில் எண்ணிப் பாருங்கள். எல்லாரும் குறைவாகத்தான் மதிப்பிட்டிருப்பார்கள், நானும்தான்.

சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967 முதல் நடக்கிறது. அதை ஜனவரியில் வைத்திருப்பதற்குக் காரணம், அப்போது பறவைகள் இருந்த இடத்தில் இருக்கும். இளவேனிலில் அப்படியில்லை. திங்கள்கிழமை 200, வியாழக்கிழமை 200 என்றால் அதே 200 என்று அர்த்தமில்லை. முந்தையவை போய்ப் புதியவை வந்திருக்கலாம். அதனால் ஒரே பெரிய எண்ணைவிட அடிக்கடி எடுத்த சிறு எண்கள் இப்போது அதிகம் பேசும்.

காலில் வண்ண வளையம் இருந்தது. யாரிடம் சொல்வது?

முதலில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்தோ எண்ணோ தெரிந்ததா. அப்புறம் உங்கள் நாட்டின் வளையமிடும் அமைப்புக்கு அனுப்பலாம். கிழக்காசிய, ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் காலில் மாட்டும் சிறு கொடியின் நிறமே, அதை மாட்டிய இடத்தைச் சொல்லும்: வெள்ளை நியூசிலாந்து, ஆரஞ்சு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், மஞ்சள் வடமேற்கு ஆஸ்திரேலியா.

வளையமே இல்லாத காலத்தில், பறவை எங்கிருந்து வருகிறது என்பது வேறு விதமாகத் தெரிந்தது. 1822இல் ஜெர்மனியில் ஒரு செங்கால் நாரை கழுத்தில் குத்திய ஆப்பிரிக்க அம்போடு வந்திறங்கியது. ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கின் பறவையியலாளர் மார்ட்டென்சன் 1899இல் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண் பொறித்த அலுமினிய வளையம் போடத் தொடங்கியதிலிருந்துதான் முறையான கணக்கு வந்தது.

வானிலையைப் பார்த்துக் கிளம்ப முடியுமா?

முடியும். பின்காற்று அடித்த இரவுக்கு மறுநாள் ஏரி காலியாக இருக்கும். எதிர்காற்றும் மழையும் வந்த மறுநாள் காலை, பயணத்தின் நடுவே இறங்கியவை கரையெங்கும் நிற்கும். உங்களுக்கு மோசமான நாள், பறவை பார்க்க நல்ல நாள். கடலிலிருந்து கரையை நோக்கிப் பலமாகக் காற்று வீசினால் ஆலாக்களும், வழக்கமாக ஆழ்கடலிலேயே இருக்கும் பறவைகளும் கண்ணுக்கெட்டும் தொலைவில் வரும்.

ஆப் ஒரு பெயர் சொல்கிறது, கூட வந்தவர் வேறு சொல்கிறார்.

ஆப் நல்ல துணை, நீதிபதி இல்லை. பட்டியலில் எழுதும் முன், படமோ ஆப்போ பார்க்காமல், கண்ட அடையாளங்களை நாலு வரி எழுதுங்கள்: அளவு, அலகு, கால், நடை, குரல். பெயர் தெரிந்த பிறகு எழுதினால் பார்க்காததையும் பார்த்ததாக மனசு சேர்த்துவிடும். 2002இல் தொடங்கிய இ-பேர்ட் போன்ற பறவைப் பதிவுத் தளங்களில் அரிய பதிவுக்கு விளக்கம் கேட்பார்கள். கோபப்பட வேண்டாம், சந்தேகத்தோடு கேட்பதுதான் அவர்கள் வேலை. தீராத சந்தேகம் என்றால் ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்றே பதியலாம்.

கரையில் செத்துக் கிடந்த பறவையை எடுக்கலாமா?

தொடாதீர்கள். 2021 முதல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளைப் பெருமளவில் கொன்றிருக்கிறது. தள்ளி நின்று போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, உங்கள் ஊர் கால்நடை அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முதல் வரவை எல்லாரும் குறிக்கிறார்கள். கடைசிப் புறப்பாட்டை எப்படிக் குறிப்பது?

இதைக் கேட்பவர்கள் குறைவு, எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். முதல் தகைவிலான் வந்த நாள் அன்றைக்கே தெரிந்துவிடும். கடைசி நீலச்சிறகியைப் பார்க்கும்போது அது கடைசி என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை போய், இல்லை என்று கண்டு, அதற்கடுத்த முறையும் போய் இல்லை என்று கண்ட பிறகுதான், மூன்று வாரம் முன்பு நாணல் ஓரம் நின்ற அந்த ஜோடிதான் கடைசி என்று புரியும். அதனால் வெறும் ஏரியையும் எழுதுங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், நீலச்சிறகி: 0. என் நோட்டில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பூஜ்யங்கள்தான் வரிசையாக இருக்கும். நடுவில் ஒரு நாள் மட்டும் ‘1, பெண், தனியாக’ என்று இருக்கிறது.